வீட்டுப் பிளானின் சாவி யார் கையில்? கட்டட வரைபடமும் திறமூல மென்பொருளும்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுக்குப் பிளான் போடக் கொடுத்தால் கடைசியில் நம் கைக்கு வருவது நாலைந்து அச்சுத்தாள், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப், முன்பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு கலர் படம். இவையெல்லாம் எந்தக் கோப்பிலிருந்து வந்தனவோ அந்தக் கோப்பு வரைந்தவரின் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். ஏழெட்டு வருடம் கழித்து மாடி எடுக்கும்போதுதான் அதன் நினைவே வரும். அதற்குள் அவர் கம்ப்யூட்டரை மாற்றியிருப்பார், அல்லது வளைகுடாவுக்குப் போயிருப்பார்.

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி கொடுக்கத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் மட்டுமோ முதல் மாடியும் சேர்த்தோ கட்டும் வீட்டுக்கு ஒற்றைச்சாளர இணையதளம் வழியாக உடனடி அனுமதி கிடைக்கும். நம்மூர்க் கணக்கில் சொன்னால் 5 சென்ட் மனை, அதாவது 2,178 சதுர அடி, இதற்குள் வரும். 6 சென்ட் வராது. பிளான் என்பது இப்போது தாள் மட்டுமல்ல, இணையத்தில் ஏற்றும் கோப்பும்தான். அதனால் வரைபடம் போடும் சின்ன அலுவலகங்களிலும், சொந்தமாக வீடு கட்டுகிறவர்களிடமும், பாலிடெக்னிக் மாணவர்களிடமும் ஒரே மாதிரிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன:

1. பிளான் வரையும் கட்டண மென்பொருளான ஆட்டோகேட் இல்லாமல் வரைவது சட்டப்படி சரியா?
2. இலவச மென்பொருளில் வரைந்தால் அனுமதி கிடைக்குமா?
3. நாம் வரைந்ததை இன்ஜினியர் திறக்க முடியுமா? அவர் வரைந்ததை நாம் திறக்க முடியுமா?

முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவதில்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

இலவசம் வேறு, கிராக் வேறு, திறமூலம் வேறு

காசு கொடுக்காமல் கிடைக்கும் எல்லாவற்றையும் நாம் 'ஃப்ரீ' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உண்மையில் நாலு வகை உண்டு.

1. கிராக் போட்டது. பூட்டை உடைத்த பிரதி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி இதைப் பற்றியதுதான். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். பிளான் போட்டுக் காசு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகையைக் கேட்கவே வழியில்லை.

2. மாணவர் உரிமம். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. ஒரு வருடம் செல்லும், படிக்கிற வரை புதுப்பித்துக்கொள்ளலாம். படிப்பதற்கு மட்டும்தான், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிளான் போட்டுக்கொடுக்க அல்ல. ஒரு காலத்தில் மாணவர் பதிப்பில் வரைந்த படத்தை அச்சடித்தால் தாளின் நாலு ஓரத்திலும் 'மாணவர் பதிப்பு' என்று முத்திரை விழும். அதை மறைக்க ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

3. நிறுவனம் இலவசமாகக் கொடுப்பது. இதற்கு ஆட்டோகேட்டுக்கு மாற்றாக வந்த டிராஃப்ட்சைட் நல்ல உதாரணம். பல வருடம் இலவசமாகக் கிடைத்தது. பிறகு நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. 2019 டிசம்பர் 31க்குப் பிறகு பழைய இலவசப் பதிப்புகள் ஓடவே இல்லை. முப்பரிமாணப் படம் போடும் ஸ்கெட்ச்அப்பின் இலவச டெஸ்க்டாப் பதிப்பும் 2017ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றுபோனது. இலவசமாகக் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் அதை நம்பித் தொழில் நடத்தியவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

4. திறமூலம். மென்பொருளின் மூலநிரல், அதாவது மனிதர் எழுதிய அசல் நிரல், எல்லோருக்கும் திறந்திருக்கும். தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறோம். அந்தச் சொல் எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அது விலையைப் பற்றிப் பேசவில்லை, கட்டைப் பற்றிப் பேசுகிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு நான்கு சுதந்திரங்களை வகுத்திருக்கிறது. நிரலர்கள் பழக்கப்படி எண்ணிக்கை 0இல் தொடங்கும். 0: எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம். 1: பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். 2: பிரதி எடுத்துக் கொடுக்கலாம். 3: மாற்றியதையும் கொடுக்கலாம்.

'எந்த வேலைக்கும்' என்பதில் சம்பாதிக்கும் வேலையும் அடக்கம். லிப்ரேகேட் என்ற திறமூல வரைபடக் கருவியில் பிளான் போட்டுப் பத்தாயிரம் ரூபாய் வாங்கினால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பயமும் பரவலாக இருக்கிறது: திறமூலத்தில் வரைந்தால் நம் பிளானையும் எல்லோருக்கும் திறந்து கொடுக்க வேண்டுமோ என்று. வேண்டாம். ஜிபிஎல் முதலிய திறமூல உரிமங்கள் மென்பொருளின் நிரலைத்தான் கட்டுப்படுத்துகின்றன. அதை வைத்து நீங்கள் வரைந்தது உங்களுடையது.

ஆக முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவது இன்னும் சின்னது. பிளானில் கையெழுத்துப் போட வேண்டியவர் யார், எந்த அளவில், எந்த வடிவத்தில் கோப்பு வேண்டும் என்றுதான் அனுமதி கொடுக்கும் இடத்தில் பார்ப்பார்கள். எந்த மென்பொருளில் கோடு போட்டது என்பது அதில் வராது. கேட்ட வடிவத்தில் கொடுத்தால் சரி.

ஒரு கோட்டுக்குள் என்ன இருக்கிறது

இனி மூன்றாவது கேள்வி. அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும்.

புகைப்படம் புள்ளிகளால் ஆனது. பிளான் அப்படி அல்ல, அது கணக்கால் ஆனது. 'இங்கிருந்து அங்கே ஒரு கோடு' என்று தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் எண்களாகப் பதிவாகும். அதனால்தான் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடைவதில்லை, எந்தச் சுவரையும் அளந்து பார்க்க முடிகிறது.

அந்த எண்களை எப்படி எழுதி வைப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும். அதுதான் கோப்பு வடிவம். கட்டட வரைபட உலகில் இரண்டு வடிவங்களைத் தெரிந்திருந்தால் போதும்: டிடபிள்யூஜி, டிஎக்ஸ்எஃப். இரண்டுமே ஆட்டோகேட்டோடு வந்தவை. ஆட்டோகேட்டின் முதல் பதிப்பு 1982இல் வெளியானது. டிடபிள்யூஜி அதன் சொந்தக் கோப்பு. மற்ற மென்பொருள்களோடு கொடுக்கல் வாங்கலுக்காக டிஎக்ஸ்எஃப் உண்டானது.

டிஎக்ஸ்எஃப் கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். மிரட்டுவதுபோல் வரிசையாக எண்கள் ஓடும். மிரள வேண்டாம், ஒரு சுவருக்கான கோடு இவ்வளவுதான்:

- 'லைன்' என்ற சொல், அதாவது இது ஒரு கோடு
- 8 என்ற எண், அடுத்த வரியில் லேயரின் (கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கின்) பெயர், 'சுவர்' என்று வைத்துக்கொள்வோம்
- 10, அடுத்த வரியில் 0.0
- 20, அடுத்த வரியில் 0.0
- 11, அடுத்த வரியில் 9.36
- 21, அடுத்த வரியில் 0.0

10உம் 20உம் தொடக்கப் புள்ளியின் கிடை, நெடு அளவுகள். 11உம் 21உம் முடிவுப் புள்ளிக்கு. ஆக இது 9.36 நீளமுள்ள ஒரு கிடைக்கோடு. மென்பொருளே இல்லாவிட்டாலும் கண்ணால் படித்துத் தாளில் வரைந்துவிடலாம். இந்த வடிவத்தின் விளக்கத்தை ஆட்டோடெஸ்க் வெளிப்படையாகவே வெளியிட்டிருக்கிறது.

டிடபிள்யூஜியை அதே நோட்பேடில் திறந்தால் குப்பை மாதிரிக் குறிகள்தான் தெரியும். படிக்கக் கூடியது முதல் ஆறு எழுத்து மட்டும். ஏசி1015 என்றிருந்தால் 2000ஆம் ஆண்டு வடிவம். ஏசி1032 என்றால் 2018ஆம் ஆண்டு வடிவம். 'கோப்பு திறக்கவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆறு எழுத்தைத்தான். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

டிடபிள்யூஜியின் உள்ளமைப்பு வெளியிடப்படவில்லை. மற்றவர்கள் உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அதற்காகவே 1998இல் ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு உருவானது. 2006இல் ஆட்டோடெஸ்க் அதன்மேல் வழக்கே போட்டது, அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது.

இதை நம் மாவட்டத்தில் விளக்க நல்ல இடம் ஒன்று உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தக்கலை பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனையின் நிர்வாகம் கேரள அரசிடமே இருக்கிறது. சாவி அவர்கள் கையில், திங்கட்கிழமை விடுமுறை என்றால் விடுமுறைதான். டிடபிள்யூஜியும் இப்படித்தான். கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில், பிளான் உங்கள் வீட்டுக்கு, ஆனால் திறக்கும் சாவி வேறிடத்தில். 2016 முதல் ஆட்டோகேட்டைப் புதிதாக ஒரேயடியாக வாங்கிவிட முடியாது, சந்தாதான் கட்ட வேண்டும். சந்தா நின்றால் சாவியும் நிற்கும்.

சின்ன வரைபட அலுவலகத்தைக் கட்டிப்போடுவது மென்பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கோப்பு வடிவம் என்பது என் கணிப்பு. கருவியை மாற்றுவது பழக்கத்தை மாற்றும் வேலைதான். பத்து வருடப் பிளான்களும் மூடிய வடிவத்தில் கிடந்தால்தான் உண்மையான சிறை.

அளவுகள் நாலு

கருவிகளுக்குப் போகும் முன் நம்மூருக்கே உரிய ஒரு தலைவலியைச் சொல்லிவிட வேண்டும். பத்திரத்தில் சென்ட் இருக்கும். அலுவலகம் மீட்டர் கேட்கும். கொத்தனாருக்கு அடி, அங்குலம். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் மூத்தாசாரி (தலைமைத் தச்சர்) வந்தால் கோல், விரல். ஒரே வீட்டுக்கு நாலு மொழி.

வரைபடக் கோப்புக்குள் 9.36 என்று மட்டுமே இருக்கிறது, 9.36 என்ன என்று இல்லை. அதை டிஎக்ஸ்எஃப் தலைப்பில் ஒரு குறியீட்டு எண் சொல்லும்: 1 என்றால் அங்குலம், 2 அடி, 4 மில்லிமீட்டர், 6 மீட்டர். 0 என்றால் அலகு எதுவும் குறிப்பிடவில்லை. ஒருவர் மில்லிமீட்டரில் 9360 என்று வரைந்து, வாங்கியவர் மீட்டர் என்று திறந்தால் சுவர் நாகர்கோவிலில் தொடங்கிச் சுசீந்திரத்தைத் தாண்டிப் போய்விடும். கோப்பு கெட்டுவிட்டது என்று மென்பொருளைத் திட்டுவார்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது இந்த ஒரு எண்தான்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

*லிப்ரேகேட்.* தட்டையான பிளான், எலிவேஷன் (வெளிப்பக்கத் தோற்றம்), செக்ஷன் (வெட்டுத் தோற்றம்) ஆகியவற்றுக்கு இது போதும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1999இல் சுவிட்சர்லாந்தில் க்யூகேட் என்ற மென்பொருள் தொடங்கியது. அதன் சமூகப் பதிப்பின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் திறந்திருந்தது. 2010 வாக்கில் வேறு சிலர் அந்த நிரலை எடுத்துத் தனியாக வளர்த்தார்கள். அதுதான் லிப்ரேகேட். தாய்ச் செடியிலிருந்து பதியம் போட்டு எடுத்த கன்று மாதிரி, இன்று இரண்டும் தனித்தனியாக வளர்கின்றன. மூலநிரல் திறந்திருப்பதன் நடைமுறைப் பொருள் இது: ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். டிராஃப்ட்சைட்டுக்கு அந்த வழி இருக்கவில்லை.

ஆட்டோகேட் பழகிய கைக்கு லிப்ரேகேட் அந்நியமாக இருக்காது. கட்டளை வரியில் 0,0 என்று தொடங்கி, @9.36,0 பிறகு @0,6.12 பிறகு @-9.36,0 என்று அடித்து மூடினால் வீட்டின் வெளிச் சுற்று வந்துவிடும். இணைகோட்டுக் கருவியில் 0.23 கொடுத்தால் ஒன்பது அங்குலச் சுவரின் உள்கோடு விழும். லேயர், ஹேட்ச் (பரப்பை நிரப்பும் கோடுகள்), பிளாக் (கதவு, ஜன்னல் போலத் திரும்பத் திரும்ப வைக்கும் படம்), அளவுக்கோடு எல்லாம் உண்டு. பழைய லேப்டாப்பிலும் தாராளமாக ஓடும்.

இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். டிடபிள்யூஜியாகச் சேமிக்காது. படிப்பதும் சில கோப்புகளை மட்டுமே. ஆட்டோகேட்டின் டைனமிக் பிளாக் (அளவு மாற்றக்கூடிய பிளாக்), எக்ஸ்ரெஃப் (வேறு கோப்பை இணைத்துக் காட்டுவது) போன்றவை ஒழுங்காக வராது. ஒரே கோப்பில் பல தாள்களை வெவ்வேறு அளவில் அடுக்கும் வசதியும் இல்லை. டிடபிள்யூஜி கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் க்யூகேட்டின் கட்டணப் பதிப்பைப் பார்க்கலாம். திறந்த சமூகப் பதிப்பின்மேல் கட்டணக் கூடுதலாகத்தான் அதில் அந்த வசதி வருகிறது.

*ஃப்ரீகேட்.* இதை லிப்ரேகேட்டின் அண்ணன் என்று நினைக்கக் கூடாது, இனமே வேறு. லிப்ரேகேட்டில் நீங்கள் வரைவது கோடு. ஃப்ரீகேட்டில் அமைப்பது பொருள்: சுவர், கதவு, கூரை. ஒவ்வொன்றுக்கும் அளவுகள் ஒட்டியிருக்கும். அளவை மாற்றினால் பொருள் தானாக மாறும். இதற்குப் பாராமெட்ரிக் முறை என்று பெயர். 2002இல் தொடங்கிய ஃப்ரீகேட் தன் 1.0 பதிப்பை 2024 நவம்பரில்தான் வெளியிட்டது. இருபத்திரண்டு வருடம்! அவசரமில்லாத ஆட்கள். கட்டட வேலைக்கான பிம் பகுதி (பிம் என்றால் என்ன என்று பின்னால் சொல்கிறேன்) அந்தப் பதிப்பிலிருந்து உள்ளேயே சேர்ந்து வருகிறது. அந்தப் பகுதியை முக்கியமாக உருவாக்கிய யோரிக் வான் ஹாவ்ரே ஒரு கட்டடக் கலைஞர். அது கருவியில் தெரிகிறது.

பாராமெட்ரிக் என்றால் என்ன என்பதை ஓட்டுக்கூரையை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். இரண்டு பருவமழையும் கொட்டும் ஊர் இது. கூரைச் சரிவு இங்கே அழகுக்காக வந்ததல்ல. 6.12 மீட்டர் அகல வீடு, நடுவில் மோடு, அதாவது கூரையின் உச்சி. பாதி அகலம் 3.06. சுவருக்கு வெளியே நீளும் இறவாரம் 0.74. ஆக ஒரு கழுக்கோல், அதாவது ஓட்டைத் தாங்கும் சரிவு மரம், கிடையாக எட்ட வேண்டிய தூரம் 3.80 மீட்டர்.

1. சரிவு 30 பாகை என்றால் கழுக்கோலின் நீளம் 4.39 மீட்டர். மோடு சுவர் மட்டத்திலிருந்து 1.77 மீட்டர் உயரும்.
2. சரிவை 35 பாகையாக்கினால் கழுக்கோல் 4.64 மீட்டர், மோடு 2.14 மீட்டர்.
3. நாலு பக்கமும் சரியும் கூரை என்றால் மூலையில் வரும் கோடிக்கழுக்கோல் 30 பாகையில் 5.80 மீட்டர்.

கோடு போடும் மென்பொருளில் ஐந்து பாகை மாற்றினால் செக்ஷன், எலிவேஷன் இரண்டையும் அழித்து மறுபடி வரைய வேண்டும். ஃப்ரீகேட்டில் கூரையின் பாகை என்ற கட்டத்தில் 30ஐ அடித்துவிட்டு 35 என்று போட்டால் போதும். ஒரு கழுக்கோலுக்குக் கால் மீட்டர் மரம் கூடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். (இதையெல்லாம் மட்டப்பலகையும் சாக்பீஸும் வைத்துப் போட்ட ஆசாரிமார் இந்தப் பெருமையைக் கேட்டால் சிரிப்பார்கள். பத்மநாபபுரத்து மரக்கூரை எந்த மென்பொருளில் போட்டது?)

கோல் கணக்குக்கும் இதே கருவி உதவும். 24 விரல் ஒரு கோல், 72 சென்டிமீட்டர். தச்சு முறையில் வீட்டின் சுற்றளவைக் கோலாக மாற்றி, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்தால் வரும் மீதிக்கு யோனி என்று பெயர். மீதி ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது வழக்கு. 9.00 × 6.12 மீட்டர் வீட்டைப் பாருங்கள். சுற்றளவு 30.24 மீட்டர், அதாவது 42 கோல். 42 × 3 = 126, எட்டால் வகுத்தால் மீதி 6. மூத்தாசாரி ஒத்துக்கொள்ள மாட்டார். நீளத்தை அரைக் கோல் கூட்டி 9.36 ஆக்கினால் சுற்றளவு 43 கோல். 129ஐ எட்டால் வகுக்க மீதி 1, அதற்குத் துவஜ யோனி என்று பெயர். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஃப்ரீகேட்டுக்குள்ளேயே ஒரு விரிதாள் இருக்கிறது. அதில் நீளம், அகலம் என்று இரண்டு கட்டம், யோனிக்கு ஒரு சூத்திரம் எழுதி, சுவர்களின் அளவை அந்தக் கட்டங்களோடு இணைத்துவிடலாம். எண்ணை மாற்ற மாற்ற வீடும் மாறும், யோனியும் மாறும். யோனியை நம்புவதும் நம்பாததும் வீட்டுக்காரர் இஷ்டம். ஆனால் பிளான் முடிந்த பிறகு ஒருவர் வந்து அரைக் கோல் கூட்டச் சொன்னால் எத்தனை தாளைத் திருத்த வேண்டும் என்பது வரைகிறவரின் கவலை.

ஃப்ரீகேட்டில் கஷ்டமும் உண்டு. முதல் சில வாரம் எதுவும் கைக்கு வசப்படாது. பட்டன்கள் ஒவ்வொரு பகுதிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அவசரமாக நாளைக் காலைக்குள் பிளான் வேண்டும் என்ற வேலையை இதில் தொடங்காதீர்கள்.

*பிளெண்டர்.* கலர் படத்துக்கு. ஓடு, மரம், மாலை வெயில் எல்லாம் நிஜம்போல வரும். இது கிட்டத்தட்ட மறைந்துபோக இருந்த மென்பொருள். தயாரித்த நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ திரட்டி நிரலை விடுவித்தார்கள். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்தது. பழைய லேப்டாப்பில் இதன் புதிய பதிப்புகள் ஓடாது, கிராஃபிக்ஸ் வசதியுள்ள கம்ப்யூட்டர் வேண்டும்.

*ஸ்வீட் ஹோம் 3டி.* வீட்டுக்காரருக்கானது. கட்டில் எங்கே, பீரோ எங்கே, அடுக்களைக் கதவு திறந்தால் ஃபிரிட்ஜில் இடிக்குமா என்று பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடலாம். அனுமதிக்கான பிளானை இதில் போட முயல வேண்டாம்.

பிம், ஐஎஃப்சி: பெரிய கட்டடங்களுக்கு

இப்போது கட்டுமானச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் பிம். கட்டடத்தைக் கோடுகளாக வைக்காமல் தகவலோடு கூடிய பொருள்களாக வைக்கும் முறை இது. ஒரு சுவர் இரண்டு கோடு அல்ல. அது சுவர், இத்தனை மீட்டர், இந்தக் கல், இந்த மாடியில், இதில் ஒரு ஜன்னல் என்று கோப்புக்குத் தெரியும். செங்கல் கணக்கைக் கோப்பிலிருந்தே எடுக்கலாம்.

இதற்கான திறந்த வடிவம் ஐஎஃப்சி. 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற எண்ணில் சர்வதேசத் தரமானது. இதுவும் டிஎக்ஸ்எஃப் மாதிரி நோட்பேடில் படிக்கக் கூடிய எழுத்துக்கோப்புதான். ஃப்ரீகேட் இதைப் படிக்கும், எழுதும். பிளெண்டருக்குள் இயங்கும் பொன்சாய் என்ற நீட்சி ஐஎஃப்சி கோப்பையே நேரடியாகத் திருத்தும். 2024 வரை அதன் பெயர் பிளெண்டர்பிம்.

5 சென்ட் வீட்டுக்கு பிம் தேவையா? தேவையில்லை என்பேன். மருத்துவமனை, கல்லூரி, பல மாடிக் கட்டடம் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டியது.

எங்கே இடிக்கும்

தமிழ் எழுத்து. லிப்ரேகேட்டின் எழுத்துருக்கள் கோடுகளால் ஆனவை. 'மெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதனால் பிளானில் 'மெத்தை', 'கொல்லை' என்று தமிழில் எழுத நினைத்தால் முகம் சுளிக்க வேண்டியிருக்கும். வழி ஒன்று உண்டு. லிப்ரேகேட்டிலிருந்து பிடிஎஃப் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற திறமூலப் படக்கருவியில் திறந்து, அதில் தமிழ்ப் பெயர்களை எழுதுங்கள். அது தமிழைச் சரியாகச் சேர்க்கும். கொத்தனாருக்கும் கையாளுக்கும் தமிழில் ஒரு தாள் கொடுப்பது வேலையிடத்தில் எவ்வளவு கேள்வியைக் குறைக்கும் என்பதை ஒரு முறை செய்து பார்த்தால் தெரியும்.

அடுத்தது ஆள் பழக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. நம் பக்கம் 2011 முதல் கொடுத்த விலையில்லா லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் சேர்ந்தே வந்தது. லேப்டாப்பைப் போட்டதும் எந்த இயங்குதளம் என்று கேட்கும் இரண்டு வரியில் அது ஒன்று. பல வீடுகளில் அந்த வரியை யாரும் தேர்ந்தெடுத்ததே இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது 'ஆட்டோகேட் தெரியுமா' என்றுதான் கேட்கிறார்கள், ஆகவே பயிற்சி மையங்களும் அதையே சொல்லிக்கொடுக்கின்றன. மாணவர்கள் ஆட்டோகேட்டை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் தெரிந்திருப்பதில் நஷ்டமில்லை.

அப்புறம் லேயர் பெயர்கள். பிளானைத் தானாகச் சோதிக்கும் மென்பொருள்கள் கோட்டைப் பார்த்து 'இது சுவர்' என்று ஊகிப்பதில்லை. லேயரின் பெயரையும், சுற்று மூடியிருக்கிறதா என்பதையும்தான் பார்க்கின்றன. ஒரு மூலையில் கோடு ஒரு மில்லிமீட்டர் சேராமல் நின்றால் பரப்பளவு கணக்காகாது. எந்த மென்பொருளில் வரைந்தாலும் இது பொருந்தும். திறமூலத்தில் வரைந்ததால்தான் திருப்பி அனுப்பினார்கள் என்று அதன் தலையில் பழி போடுவதற்கு முன் மூலைகளை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறுவதென்றால் எந்த வரிசையில்

1. முதலில் மென்பொருளை மாற்றாதீர்கள், கோப்புகளை மாற்றுங்கள். ஆட்டோகேட் கையில் இருக்கும்போதே பழைய டிடபிள்யூஜிகளை எல்லாம் டிஎக்ஸ்எஃப் ஆகவும் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆட்டோகேட் இல்லாதவர்கள் ஓப்பன் டிசைன் அலையன்ஸின் மாற்றியைப் பயன்படுத்தலாம். அது இலவசம், ஆனால் திறமூலம் அல்ல. மேலே சொன்ன மூன்றாவது வகை, அந்த எச்சரிக்கையோடு.

2. ஒரு வடிவத்தை மற்றொன்றாக்கும்போது முதலில் கெடுவது அளவுக்கோடுகளும் எழுத்துகளும். கோடுகள் பெரும்பாலும் தப்பிக்கும். மாற்றிய பிறகு ஒவ்வொரு தாளிலும் இரண்டு அளவையாவது சரிபாருங்கள்.

3. புதிய வேலை ஒன்றை, சின்னதாக, மதில் சுவரோ கார் ஷெட்டோ, லிப்ரேகேட்டில் முழுதாகப் போட்டுப் பாருங்கள்.

4. மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு இடங்களில் கிடைக்கும் அதே பெயருள்ள கோப்புகளோடு வேண்டாதவை ஒட்டிக்கொண்டு வரும்.

5. வீட்டுக்காரர்கள் பிளானுக்குப் பேசி முடிக்கும்போதே 'கடைசியில் டிஎக்ஸ்எஃப் கோப்பும் வேண்டும்' என்று சொல்லி வையுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் அது தனிப் பேச்சாகிவிடும்.

6. இன்ஜினியரோடு முதல் கொடுக்கல் வாங்கலுக்கு முன் ஒரு சோதனைக் கோப்பு அனுப்புங்கள். அதில் 10 மீட்டர் நீளத்தில் ஒரு கோடு, ஒரு அளவுக்கோடு, ஒரு வரி எழுத்து, நாலு மூலையும் மூடிய ஒரு சதுரம் இருந்தால் போதும். அவர் தன் கம்ப்யூட்டரில் திறந்து கோட்டை அளந்து, போனில் எண்ணைச் சொல்லட்டும். 10 என்றால் வேலையைத் தொடங்கலாம். 10,000 என்றாலோ 393.7 என்றாலோ அலகு எண்ணைத் திருத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள்.